வயிற்றில் பெரிய பிள்ளையா? காத்திருப்பது, வலி வர வைப்பது, ஆபரேஷன்: எது யாருக்கு?

37-வது வார ஸ்கேன் தாளில் ‘குழந்தையின் எடை 3.9 கிலோ’ என்று அச்சாகி வந்த அன்றே வீட்டில் பேச்சு மாறிவிடும். “தலைப்பிரசவம். இம்புட்டுப் பெரிய பிள்ளைய எப்படிப் பெறுவா?” என்பார் ஆச்சி. “ஆபரேஷன்னு ஆயிட்டா நல்ல நாள் பார்த்துரலாம்” என்று நாட்காட்டியை எடுப்பார் மாமனார். “எங்க காலத்துல நாலு கிலோ பிள்ளையெல்லாம் வீட்டுலயே பெறந்துச்சு” என்பார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. நடுவில் உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணிக்கு ராத்திரி தூக்கம் போய்விடும்.

முன்னால் இருக்கும் வழிகள் மூன்று: வலி தானாக வரும்வரை காத்திருக்கலாம். 39 வாரத்தை ஒட்டி மருந்து வைத்து வலி வர வைக்கலாம். நாள் குறித்து சிசேரியன் செய்துகொள்ளலாம். இவற்றில் எது என்பதைத் தாளில் உள்ள எடை மட்டும் வைத்து முடிவு செய்வதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு. சர்க்கரை இருக்கிறதா, முந்தைய பிரசவம் எப்படி நடந்தது, கருப்பை வாய் எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறது, பிரசவம் பார்க்கப்போகும் இடத்தில் என்ன வசதி உண்டு என்ற நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகே அந்த எடைக்குப் பொருள் வரும்.

ஸ்கேன் எடையை எப்படி வாசிப்பது

ஸ்கேன் கருவி பிள்ளையை நிறுத்துப் பார்ப்பதில்லை. தலையின் குறுக்களவு (பி.பி.டி.), தலைச் சுற்றளவு (எச்.சி.), வயிற்றுச் சுற்றளவு (ஏ.சி.), தொடை எலும்பின் நீளம் (எஃப்.எல்.) ஆகியவற்றை அளந்து, ஹாட்லாக் என்ற சூத்திரத்தில் போட்டு எடையைக் கணக்கிடுகிறது. இந்தக் கணக்கு 15 சதவீதம் வரை இரு பக்கமும் பிசகலாம். 3.9 கிலோ என்று வந்தால், பிறக்கும் பிள்ளை 3.3 கிலோவாகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட 4.5 கிலோவாகவும் இருக்கலாம். பிள்ளை பெரிதாகப் பெரிதாகப் பிசகும் கூடும்.

ஆகவே எடை வரிக்கு மேலே இருக்கும் ஏ.சி. வரியைப் பாருங்கள். நிறைமாதத்தில் வயிற்றுச் சுற்றளவு 35 செ.மீ.க்குள் இருந்தால் பிள்ளை 4 கிலோவைத் தாண்டியிருக்கும் வாய்ப்பு குறைவு. 36, 37 செ.மீ. என்று போய், தலைச் சுற்றளவு மட்டும் வாரத்துக்கு ஏற்றபடி இருந்தால், தலையை விட உடம்பு பெருத்த பிள்ளை என்று அர்த்தம். தாய்க்குச் சர்க்கரை இருக்கும்போது பிள்ளை இப்படித்தான் வளரும். தோளிலும் வயிற்றிலும் கொழுப்பு சேரும். அப்பா ஆறடி, அம்மாவும் உயரம், தலையும் வயிறும் கைகாலும் ஒரே விகிதத்தில் பெரிது என்றால் அது வேறு கதை. இரண்டு பிள்ளையும் தாளில் 3.9 கிலோதான், பிரசவ அறையில் இரண்டும் ஒன்றல்ல.

தேதியும் முக்கியம். மூன்றாம் மாதத்துக்குள் எடுத்த முதல் ஸ்கேன் இருந்தால் வாரக் கணக்கை அதை வைத்தே சரிபார்க்க வேண்டும். கடைசி மாதவிலக்குத் தேதி தவறியிருந்தால் 39 வாரப் பிள்ளை 37 வாரம் என்று எழுதப்பட்டு, காரணமே இல்லாமல் ‘பெரிய பிள்ளை’ ஆகிவிடும்.

‘பெரிசு’ என்ற சொல்லுக்கும் அளவு உண்டு. மருத்துவத்தில் 4 கிலோ அல்லது 4.5 கிலோவுக்கு மேல் போனால்தான் பெரிய பிள்ளை. நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் பிறப்பதால் 3.6 என்றாலே வீட்டில் பயம் வந்துவிடுகிறது. 3.6 கிலோவுக்காக எந்த ஏற்பாட்டையும் மாற்றத் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால், சர்க்கரை

தாயின் ரத்தத்தில் கூடுதலாக இருக்கும் குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. தாயின் இன்சுலின் அப்படிப் போவதில்லை. வந்து சேர்ந்த சர்க்கரையைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையமே இன்சுலினை அதிகம் சுரக்கிறது; அந்த இன்சுலின்தான் பிள்ளையைக் கொழுக்க வைக்கிறது. ஒரே எடையில் உள்ள இரண்டு பிள்ளைகளில், சர்க்கரை உள்ள தாயின் பிள்ளைக்குத் தோள் மாட்டும் ஆபத்து 2 முதல் 4 மடங்கு அதிகம். அதனால் பெரிய பிள்ளை என்றதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “சர்க்கரை டெஸ்ட் கடைசியா எப்ப எடுத்தது?”

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யும் பரிசோதனை எளிது. 75 கிராம் குளுக்கோஸ் பொடியை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் வர வேண்டும் என்பதில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 மி.கி.யோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அந்தப் பரிசோதனை செல்லாது. மறுநாள் திரும்ப எடுக்க வேண்டும். முதல் தடவை வரும்போதே ஒன்று, 24 முதல் 28 வாரத்துக்குள் மற்றொன்று என்பது தேசிய வழிகாட்டி. இரண்டாவதைத் தவறவிடுவதுதான் அடிக்கடி நடப்பது: ஏழாம் மாதம் வளைகாப்பு, பிறகு தாய் வீடு, அங்கே புது ஆஸ்பத்திரி, “முன்னாடியே எடுத்தாச்சு” என்ற பதில். 37-ல் பிள்ளை பெரிசு என்று வந்து, 24 வாரத்துக்குப் பிறகு சர்க்கரை பார்க்கவில்லை என்றால், வேறு எதையும் பேசும் முன் அதைப் பாருங்கள். ஸ்கேனில் பனிக்குட நீரும் அதிகம் என்று எழுதியிருந்தால் ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம்.

சர்க்கரை இருந்தால் இலக்கு: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குக் கீழ். இரண்டு வாரம் உணவை ஒழுங்குபடுத்தியும் 120-க்கு இறங்கவில்லை என்றால் மெட்பார்மின் மாத்திரையோ இன்சுலினோ தொடங்குவார்கள். “கருப்பட்டி உடம்புக்கு நல்லதுதானே” என்று இங்கே எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். உடன்குடிக் கருப்பட்டியானாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரையேதான். காலையில் கருப்பட்டிக் காப்பியும் சாயங்காலம் உளுந்தங்களியும் சேர்ந்தால் அளவு ஏறத்தான் செய்யும். உளுந்து வேண்டும் என்றால் உளுந்தம்பருப்புச் சோறாக அளவாகச் சாப்பிடலாம். சோற்றைக் குறைத்து காயையும் முட்டையையும் கூட்டலாம். ஆடிப்பூரத்தில் நெல்லையப்பர் கோயில் காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு நடத்தி முளைப்பயறு கட்டுகிற ஊர் நம்முடையது; அந்த முளைப்பயறுதான் இந்தத் தாய்க்கும் ஏற்ற பலகாரம். மூன்று வேளைச் சாப்பாட்டை மூன்று சிறு வேளையோடு ஆறாகப் பிரித்து, சாப்பிட்டதும் கொஞ்சம் நடந்தால் பலர் மருந்தில்லாமலே இலக்குக்குள் வந்துவிடுகிறார்கள்.

சர்க்கரை இல்லாத பெண், “பிள்ளை பெரிசு” என்று கேட்டதும் 38-வது வாரத்தில் சோற்றைப் பாதியாக்கிப் பட்டினி கிடந்தால் பிள்ளை சிறுத்துவிடாது. அவள்தான் சோர்ந்துபோவாள். பிரசவத்துக்கு அவளிடம் தெம்பு இருக்க வேண்டும்.

பயப்படுவது எதற்கு?

‘பிள்ளை மாட்டிக்கிடும்’ என்று சொல்வதற்கு இரண்டு பொருள் உண்டு. வீட்டில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, தலையே இடுப்பெலும்புக்குள் இறங்காமல் வலி நீண்டுகொண்டே போவது. இது மெதுவாக நடப்பது. வலி வந்து பல மணி நேரம் கருப்பை வாய் திறப்பை வரைபடத்தில் குறித்துவந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும்; சிசேரியனுக்கு நேரம் இருக்கும். இடுப்பு போதுமா என்பதை முன்னதாக எக்ஸ்ரே எடுத்தோ உயரத்தை மட்டும் பார்த்தோ சொல்ல முடியாது. வலியில்தான் தெரியும்.

இரண்டாவது, தோள் மாட்டுவது. உண்மையில் மருத்துவர்கள் அஞ்சுவது இதற்குத்தான். தலை வெளியே வந்துவிடும்; அடுத்த வலியில் தோள் வர வேண்டும். முன்தோள் தாயின் அடிவயிற்று எலும்புக்குப் பின்னால் சிக்கிக்கொள்ள, வெளியே வந்த தலை ஆமை தலையை இழுப்பதுபோல உள்ளே இழுபடும். அப்போது அறையில் நடக்க வேண்டியது இது: பிரசவம் பார்ப்பவர் உரக்கச் சொல்லி ஆட்களைக் கூப்பிடுவார், ஒருவர் நேரத்தைக் குறிப்பார். இரண்டு பக்கமும் இரண்டு பேர் தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்கிப் பிடிப்பார்கள். அதில் இடுப்பெலும்பு சற்றுத் திரும்பி வழி கிடைக்கும். மற்றொருவர் அடிவயிற்று எலும்புக்குச் சற்று மேலே உள்ளங்கையை வைத்துச் சாய்வாக அழுத்துவார். பெரும்பாலான பிள்ளைகள் இந்த இரண்டிலேயே வந்துவிடும். வராவிட்டால் கையை உள்ளே விட்டுப் பின்பக்கக் கையை முதலில் எடுப்பார்கள், அல்லது தாயைக் கைகாலில் மண்டியிட வைப்பார்கள். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள். செய்யவே கூடாதவை இரண்டு: தலையைப் பிடித்து இழுப்பது, மேல்வயிற்றை அமுக்குவது. மேலே அமுக்கினால் தோள் எலும்பில் இன்னும் இறுகும்.

இது எத்தனை பேருக்கு வரும்? எல்லாப் பிரசவங்களையும் சேர்த்தால் ஆயிரத்தில் ஆறு ஏழு. அதில் ஏறத்தாழ பாதி 4 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளிடமே நடக்கிறது. தோள் மாட்டிய பிள்ளைகளில் சிலருக்கு, ஆய்வுக்கு ஆய்வு 2 முதல் 16 சதவீதம் வரை, கைக்குப் போகும் நரம்பு இழுபட்டுக் கை தொய்ந்துபோகும். அவர்களிலும் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே அது நிரந்தரமாகிறது. அரிது என்பதற்காக லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அதே நேரம், எல்லாப் பெரிய பிள்ளைகளையும் அறுத்து எடுப்பதற்கு இந்தக் கணக்கு இடம் கொடுக்கவும் இல்லை.

பெரிய பிள்ளையின் தாய்க்கு இன்னொரு ஆபத்து, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு. அதிகம் விரிந்த கருப்பை உடனே சுருங்காமல் தளர்ந்து நிற்கும். ரத்தம் 8 கிராமில் இருக்கும் பெண்ணுக்கும் 11 கிராமில் இருக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு ரத்தப்போக்கு ஒரே விளைவைத் தராது. 36-வது வாரத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது, பிள்ளையின் எடையைக் கேட்பதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

முதல் வழி: காத்திருப்பது

சர்க்கரை இல்லை, ஸ்கேன் எடை 4 கிலோவுக்குள், முந்தைய பிரசவத்தில் சிக்கல் இல்லை என்றால் இதுவே முதல் தேர்வாக இருக்கலாம். தானாக வரும் வலியில் கருப்பை வாய் தயாராக இருக்கும், மருந்து குறைவு, வீடு திரும்புவதும் சீக்கிரம். எதிர்ப்பக்கம் என்னவென்றால், கடைசி வாரங்களில் பிள்ளை வாரம் 150 முதல் 200 கிராம் வரை கூடிக்கொண்டே போகும். 38-ல் 3.8 என்றால் 41-ல் எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எனவே காத்திருப்பதற்கும் ஒரு கெடு வேண்டும். 39 வாரம் தாண்டியதும் உள் பரிசோதனையில் விரலால் பனிக்குடப் பையைக் கருப்பை வாயிலிருந்து விலக்கிவிடும் முறையைக் கேட்கலாம்; சற்று வலிக்கும், கொஞ்சம் ரத்தக்கறை படும், ஆனால் பலருக்கு அதுவே வலியைத் தொடங்கிவிடும். வலி வருவதற்காக விளக்கெண்ணெய் குடிக்க வேண்டாம். வயிற்றுப்போக்கில் உடம்பின் நீர் வற்றி, பிரசவத்துக்கு முன்னமே ஆள் சாய்ந்துவிடுவாள்.

வலி தொடங்கிய பின் 5 செ.மீ. திறக்கும்வரை நேரம் இழுப்பது இயல்பு. அந்தக் கட்டத்தில் “திறக்கல, ஆபரேஷன்தான்” என்று யாரும் அவசரப்படத் தேவையில்லை. மல்லாந்து படுக்காமல் நடப்பதும் நிமிர்ந்து உட்கார்வதும் தலை இறங்க உதவும். தலை மேலேயே நிற்கும்போது வாக்குவம் (தலையில் ஒட்டும் உறிஞ்சு கிண்ணம்) வைத்து இழுப்பது பெரிய பிள்ளைக்கு நல்லதல்ல. தோள் மாட்டும் வாய்ப்பு அதில் கூடுகிறது.

இரண்டாம் வழி: வலி வர வைப்பது

பிள்ளை மேலும் பெரிதாகும் முன் எடுத்துவிடலாம் என்பதுதான் இதன் நியாயம். ஆதாரம் இப்படி நிற்கிறது: பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, பெல்ஜியம் மூன்றிலும் 822 பெண்களிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், 37 முதல் 38 வாரத்தில் வலி வர வைத்தவர்களில் தோள் மாட்டுவதும் அதன் பாதிப்பும் 2 சதவீதம், காத்திருந்தவர்களில் 6 சதவீதம். சிசேரியன் கூடவில்லை. இரண்டு பக்கமும் கை நரம்புக் காயம் ஒன்றுகூட இல்லை. ஆனால் சீக்கிரம் பிறந்த பிள்ளைகளுக்கு மஞ்சள்காமாலை விளக்கு அதிகம் தேவைப்பட்டது. 2025-ல் பிரிட்டனில் 2,893 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் இடைவெளி சிறியதாகிவிட்டது: 2.3-க்கு 3.1 சதவீதம், தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுதான். ஆகவே நன்மை உண்டு, அது சிறியது. பெரிய பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக 39 வாரம் முடியும் முன் வலி வர வைக்க வேண்டாம் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் நிலை. சர்க்கரை இல்லாதவர்களுக்கு நாங்களும் அந்தப் பக்கமே சாய்கிறோம்.

இங்கே தீர்ப்புச் சொல்வது கருப்பை வாய். எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மென்மையா கெட்டியா, முன்பக்கமா பின்பக்கமா, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்துக்கும் மதிப்பெண் போடுவார்கள். அது பிஷப் ஸ்கோர். 6-ம் அதற்குக் கீழும் என்றால் வாய் இன்னும் பழுக்கவில்லை. அப்போது குழாயின் பலூனைக் கருப்பை வாய்க்குள் வைத்து நீர் நிரப்புவார்கள், அல்லது ஜெல் வைப்பார்கள், அல்லது 25 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால் கொடுப்பார்கள். வாய் இளகியதும் பனிக்குடத்தை உடைத்து, சொட்டு மருந்தாக ஆக்ஸிடோசின் ஏறும். தலைப்பிரசவத்தில் இதற்கெல்லாம் ஒன்றரை நாள், இரண்டு நாள்கூட ஆகும். “காலையில ஊசி போட்டாங்க, ராத்திரி வரைக்கும் வரல, ஆபரேஷன் பண்ணிட்டாங்க” என்று கேள்விப்படுவதில் பல, பொறுக்க வேண்டிய நேரம் பொறுக்காததால் வந்தவை. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கும்வரை, பனிக்குடம் உடைந்து ஆக்ஸிடோசின் ஏறி 12 முதல் 18 மணி நேரமாவது பார்த்த பிறகே ‘பலிக்கவில்லை’ என்று சொல்ல வேண்டும். சேர்வதற்கு முன்பே டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: “ஸ்கோர் எவ்வளவு இருக்கு? எத்தனை மணி நேரம் பார்ப்பீங்க?”

முன்பு சிசேரியன் ஆன கருப்பைக்கு மிசோப்ரோஸ்டால் கூடாது. தழும்பு பிரியும் ஆபத்து உண்டு. பழைய ஆபரேஷன் பற்றி, புது ஆஸ்பத்திரியில் யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் வழி: நாள் குறித்து சிசேரியன்

தோள் மாட்டுவதை இது கிட்டத்தட்ட முழுதாகத் தவிர்க்கும். விலை என்ன? 1996-ல் அமெரிக்காவில் போட்ட ஒரு கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: ஸ்கேன் எடை 4.5 கிலோ என்று வரும் எல்லோருக்கும் சிசேரியன் செய்தால், நிரந்தரமான கை நரம்புக் காயம் ஒன்றைத் தடுக்க, சர்க்கரை இல்லாத பெண்களில் 3,695 பேருக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும். சர்க்கரை உள்ளவர்களில் 443 பேருக்கு. இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள தூரம்தான், சர்க்கரையை முதலில் பாருங்கள் என்று சொல்வதற்குக் காரணம். அமெரிக்கச் சங்கம் சிசேரியனைப் பரிசீலிக்கச் சொல்லும் வரம்பு சர்க்கரை இல்லாதவர்களுக்கு 5 கிலோ, உள்ளவர்களுக்கு 4.5 கிலோ. நம் தேசிய வழிகாட்டி கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் கீழே, 4 கிலோவுக்கு மேல் என்றால் 39 வாரத்தில் சிசேரியனைப் பரிசீலிக்கலாம் என்கிறது.

சிசேரியனின் சுமை அந்தப் பிரசவத்தோடு முடிவதில்லை. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கீழே இறங்கி, பழைய தழும்பின் மேல் ஒட்டினால் பிரிக்க முடியாமல் உள்ளே வேர்விடும். நஞ்சு கீழே இருக்கும் பெண்களில், முன்பு ஒரு ஆபரேஷன் ஆனவருக்கு இது நூற்றில் 11, இரண்டு ஆனவருக்கு 40. இன்னும் இரண்டு பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர் இதைச் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8, அரசில் 36. இந்த எண்களுக்கெல்லாம் பெரிய பிள்ளைகள் காரணமாக இருக்க முடியாது.

சிசேரியன்தான் என்று முடிவானால் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ வேறு மருத்துவக் காரணமோ அவசரப்படுத்தாதவரை 39 வாரம் முடிய வேண்டும். சித்திரை பிறந்துவிடும் என்றோ, நட்சத்திரம் பொருந்துகிறது என்றோ 37-ல் எடுத்த பிள்ளைகள், நுரையீரல் நீர் வற்றாமல் மூச்சு இளைத்துப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் படுத்திருப்பதைத் தவிர்க்க முடியும். 39-க்குப் பிறகு வரும் நாட்களில் ஒன்றை ஜோசியர் தேர்ந்துகொள்ளட்டும்.

எங்கே பெறுவது

எங்களைக் கேட்டால், மூன்று வழிகளில் எது என்பதைவிட இதுதான் பெரிய முடிவு. தோள் மாட்டுவதை யாராலும் உறுதியாக முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றால், மாட்டும்போது கை கொடுக்க ஆள் இருக்கும் இடத்தில் இருப்பதே பாதுகாப்பு. ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவ அறையில் எத்தனை பேர் இருப்பார்கள்? மயக்க மருந்து டாக்டர் வளாகத்திலேயே இருக்கிறாரா, கூப்பிட்டால் வருபவரா? ரத்தம் கையிருப்பு உண்டா? குழந்தை டாக்டர்? தனியார் ஆஸ்பத்திரியோ அரசு ஆஸ்பத்திரியோ, இந்த நான்குக்கும் தெளிவான பதில் கிடைக்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையம் சாதாரணப் பிரசவத்துக்கு நல்ல இடம். 4 கிலோவை ஒட்டிய பிள்ளைக்கோ சர்க்கரை மருந்து எடுக்கும் தாய்க்கோ அது போதாது. சீமாங்க் மையம் (தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்குமான அவசர சிகிச்சை மையம்) உள்ள மருத்துவமனை வேண்டும். அங்கே ஆபரேஷனும் ரத்தமும் இருபத்து நான்கு மணி நேரமும் கிடைக்கும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையும் இந்தப் பக்கத்துப் பெரிய இடங்கள். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம் எல்லாம் இலவசம். போக 108, பிள்ளையோடு வீடு திரும்ப 102. திசையன்விளையிலிருந்தோ பாபநாசத்திலிருந்தோ வலி வந்த பிறகு புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வழியிலேயே போய்விடும். அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் 39 வாரத்தில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது.

தாய் வீட்டுக்குப் போகும்போது சீர்வரிசையோடு ஒரு பிளாஸ்டிக் பையும் போகட்டும்: தாய் சேய் நல அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்தபோது அரசு தந்த எண்), எல்லா ஸ்கேன் தாள்களும், சர்க்கரை அளவு எழுதிய நோட்டு, முந்தைய பிரசவத்தின் டிஸ்சார்ஜ் தாள். போய்ச் சேர்ந்த வாரமே அங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடம் பதிய வேண்டும்.

சில நிலைமைகளில் எங்கள் பதில்

சுரண்டைப் பக்கம் ஒரு 24 வயதுப் பெண், தலைப்பிரசவம், 38 வாரம், 3.8 கிலோ, ஏ.சி. 34.5, சர்க்கரை 118 என்று வைத்துக்கொள்வோம். காத்திருக்கலாம். 39 தாண்டியதும் உள் பரிசோதனை. வாய் பழுத்திருந்தால் 40-ல் வலி வர வைப்பதும் தவறில்லை. சிசேரியனுக்குக் காரணமே இல்லை.

களக்காட்டில் இரண்டாவது பிள்ளை, இன்சுலின் போடுபவர், 38 வாரத்தில் 4.3 கிலோ, ஏ.சி. 37, நீரும் அதிகம். மருத்துவக் கல்லூரி அளவுள்ள இடத்தில், 39 வாரத்தில் சிசேரியன் என்று நாங்கள் சாய்வோம். முதல் பிள்ளை 3.9 கிலோவில் சிரமமில்லாமல் பிறந்திருந்தால் மட்டும் வலி வர வைப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

முதல் பிரசவத்தில் தோள் மாட்டியது என்றால் இப்போதைய எடை 3.4 ஆக இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். மறுபடி மாட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து மடங்கு. அந்தப் பிள்ளைக்குக் கை தொய்ந்திருந்தால் சிசேரியனை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இந்த விவரத்தை மாமியார் வீட்டில் வெட்கப்பட்டு மறைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து மறைக்காதீர்கள்.

எந்த வழியானாலும், பிள்ளையின் அசைவு குறைந்தால், நீர் உடைந்தால், ரத்தம் பட்டால் குறித்த தேதியைப் பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டும்.

பிறந்த பிறகு

சர்க்கரை உள்ள தாயின் பிள்ளை, வயிற்றில் இருந்தபோது பழகிய அளவுக்கே இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கும். கொடி அறுந்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். அதனால் முதல் சில மணி நேரத்தில் பிள்ளையின் ரத்தச் சர்க்கரை சரியும். பிறந்து ஒரு மணி நேரத்தில் குதிகாலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு நான்கு மணிக்கு ஒரு தடவை, பால் கொடுப்பதற்கு முன், நான்கு அளவு சரியாக வரும்வரை. 45-க்குக் கீழ் போனால் மருத்துவம் தேவை. இதற்கு முதல் மருந்து சீம்பால். ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட வேண்டும். குடும்பத்தில் நல்ல குணமுள்ளவர் கையால் சேனை வைப்பது நம் வழக்கம். சீனித் தண்ணீரும் தேனும் அந்தப் பிள்ளையின் சர்க்கரையைக் காப்பாற்றாது, கிருமியைக் கொண்டுவரும். அந்தப் பெரியவரே பிள்ளையைத் தூக்கித் தாயின் மார்பில் கொடுக்கட்டும்.

தாய்க்கு ஆறாவது வாரத்தில் மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை உண்டு. பிள்ளைக்கு ஒன்றரை மாத ஊசி போட சுகாதார நிலையத்துக்குப் போகும் அன்றே அதையும் எடுத்துவிடலாம். இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.